ஜெபக் குறிப்பிலிருந்து நான் எடுத்த பெயர்

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு வழக்கம்போல டயாலிசிஸ் நிலையத்துக்குள் நுழைந்து, செருப்பைக் கழற்றிவிட்டு எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி நின்றேன். உடம்பில் தேங்கிய நீரால் இரண்டு கிலோ எழுநூறு கூடியிருந்தது. அதைக் குறித்துக்கொண்ட தாதி நோர், நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்காமலே, "அங்கிள், ஆன்ட்டி சௌந்தரி சுடா தக் அடா லா," என்றாள். ஆன்ட்டி போய்விட்டார் என்று சொல்கிறாள். எனக்குப் புரிந்தது. புரிந்தும், "மழையா இருக்குல்ல, லேட்டா வருவாங்க," என்று அந்த மலாய்ப் பெண்ணிடம் தமிழில் பதில் சொன்னேன். அவள் என் முழங்கையைப் பிடித்துக் கூட்டிப்போய் எட்டாம் எண் நாற்காலியில் உட்கார வைத்தாள். பக்கத்தில் சௌந்தரி அக்காவின் ஏழாம் எண் நாற்காலியில் வெள்ளை விரிப்பு மடிப்புக் கலையாமல் இருந்தது. எனக்கு இரண்டு ஊசிகளை ஏற்றினார்கள். எழுந்து போகவும் வழியில்லாமல் நான்கு மணி நேரம் அந்த விரிப்புக்குப் பக்கத்தில் கிடந்தேன்.

அதற்குள் நம் சபையின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்துவிட்டது. திங்கட்கிழமை மாலை நெஞ்சு அடைப்பதாகச் சொல்லியிருக்கிறார். சிகாமட் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் முடிந்துவிட்டது. ஜோகூர் பாருவிலிருந்து மகள் ஜெயந்தி வந்து சேர்வதற்கும் நேரம் கொடுக்கவில்லை. செவ்வாய், வியாழன், சனி என்று இரத்தத்தைச் சுத்திகரித்துக்கொள்ளும் எங்களைப் போன்ற சிறுநீரக நோயாளிகளுக்குச் சனிக்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் நீளம். அதைத் தாண்டுவதுதான் வாராவாரம் எங்கள் பாடு. இந்த வாரம் ஞானசௌந்தரி அக்கா தாண்டவில்லை.

குழுவில் ஒருவர் பின் ஒருவராக எழுதினீர்கள். "பொறுமையின் சிகரம்." "முறுமுறுப்பு அறியாத சகோதரி." "சிரித்த முகத்தோடு பாடுகளைச் சகித்தவர்." ஒரு கையில் ஊசியோடு இன்னொரு கையால் அவற்றை வாசித்துக்கொண்டே போனேன். எனக்கு வந்தது கோபம். நீங்கள் யாரைச் சொல்கிறீர்கள்? இரண்டரை ஆண்டுகள், வாரத்துக்கு மூன்று நாள், ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாள் முறுமுறுத்தார். நன்றாகவே முறுமுறுத்தார். ஊசி தவறினால் "அலமாக்!" என்று மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி கத்துவார். கெண்டைக்கால் பிடித்து இழுக்கும்போது அவர் ஆண்டவரிடம் பேசிய பேச்சைப் பாஸ்டர் கேட்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை மாற்றி எழுதியிருப்பார்.

அந்தப் பாஸ்டர்தான், சபை வாரத்தாளில் போட ஒரு பக்கம் எழுதித் தரும்படியும், ஆராதனையில் அதை வாசித்துவிடலாம் என்றும் கேட்டார். ஒரு பக்கத்தில் அடங்காது என்று முன்பே சொல்லிவிட்டேன். இன்று வெள்ளிக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு முக்காலியில் இரண்டு கால்களையும் தூக்கி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கால்கள் வீங்கியிருக்கின்றன. ஏன் வீங்கியிருக்கின்றன என்பதையும் ஒளிக்கப்போவதில்லை. நேற்று வியாழக்கிழமை நான் டயாலிசிஸுக்குப் போகவில்லை. நாளைக்குப் போவேனா என்று என் மனைவி லில்லி காலையிலிருந்து மூன்று தடவை கேட்டுவிட்டாள். எழுதி முடித்தால் எனக்கே தெரியவரும் என்று நினைக்கிறேன்.

அக்காவைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பெக்கோக்குக்கு உள்ளே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். சிகாமட்டில் ஒரு பள்ளிக்கூடக் கெண்டினில் இருபது வருடத்துக்கு மேல் சமைத்தவர். கணவர் இளமையிலேயே தவறிவிட்டார். ஒரே மகள். நாற்பத்தெட்டு வயதில் சர்க்கரை அவருடைய சிறுநீரகத்தைத் தின்று தீர்த்தது. அதற்குப் பிறகு பதின்மூன்று வருடம் அந்த இயந்திரத்தின் தயவில் வாழ்ந்தார். ஞாயிறு ஆராதனையில் வலது பக்கம் நான்காவது பெஞ்சு. குரல் கட்டை, ஆனால் கீர்த்தனையை மற்றவர்களைவிட அரை அடி முன்னால் பாடி முடித்துவிடுவார்.

இனி என் கதைக்கு வருகிறேன். நோயாளியாவதற்கு முன் நான் ஒன்பது வருடம் நம் சபைச் செயலாளராக இருந்தவன். பகலில் எண்ணெய்ப்பனை ஆலையில் கணக்கெழுதும் கிராணி வேலை, சனிக்கிழமை சாயந்திரம் வாரத்தாள் தயாரிக்கும் வேலை. அதன் கடைசிப் பக்கத்தில் ஜெபக் குறிப்பு வரும். நோயாளிகளின் பெயர்களைப் பாஸ்டர் ஒவ்வொன்றாக வாசிக்க, சபை எழுந்து நிற்கும். குணமானவர் பெயர் போய்விடும், இறந்தவர் பெயரும் போய்விடும். நடுவில் இருப்பவர்கள்தான் சிக்கல். அக்காவின் பெயர் வருடக்கணக்கில் அங்கேயே இருந்தது. ஒரு வாரம் சபை ஆண்டுவிழா விருந்து அறிவிப்புக்கு இடம் போதவில்லை. பார்த்தேன். ஒரு வருடத்துக்கு மேலாக இருக்கும் பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டு, "நெடுநாள் நோயாளிகள்" என்று ஒரே வரியாக்கினேன். யாரும் கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்து இன்னொரு அறிவிப்பு. அந்த வரியையும் எடுத்தேன். அதையும் யாரும் கேட்கவில்லை. சொல்லப்போனால், ஜெபம் சீக்கிரம் முடிகிறதென்று இரண்டு பேர் என்னைப் பாராட்டினார்கள்.

நான் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அலுத்துப்போய்ச் செய்தேன். இரண்டில் எது மோசம் என்று இப்போது எனக்குத் தெரியும்.

அதற்கு அடுத்த வருடம் என் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டன. முதல்நாள் என்னை எட்டாம் எண் நாற்காலியில் கொண்டுபோய் விட்டார்கள். பயத்தில் உதடு காய்ந்திருந்தது. திரும்பிப் பார்த்தால் ஏழாம் எண்ணில் அக்கா. போர்வையை இடுப்புவரை இழுத்துவிட்டுக்கொண்டு, சொந்த வீட்டுக்கு விருந்தாளி வந்த மாதிரி, "வாங்க செக்ரட்ரி! ஒக்காருங்க. இங்க காணிக்கை எடுக்கறதில்ல, பயப்படாதீங்க," என்றார். அன்றிலிருந்து கடைசிவரை எனக்கு அந்தப் பெயர்தான். நான் பதவியை விட்ட பிறகும் மாற்றவில்லை.

இரண்டு மாதம் போயிருக்கும். தொலைக்காட்சியில் மலாய்ச் சமையல் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் அளந்து குடிக்க வேண்டிய எங்களுக்கு எதிரே ஒருவர் பானையில் சூப் ஊற்றிக்கொண்டிருந்தார். அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்:

"என் பேர எடுத்தது நீங்கதானே?"

எனக்கு எந்தப் பெயர் என்று கேட்கத் தோன்றவில்லை. இடப் பற்றாக்குறை, கமிட்டி முடிவு என்று என்னென்னவோ உளறினேன். கமிட்டி அப்படி எதையும் முடிவு செய்யவில்லை.

"கோவம் வந்துச்சா அக்கா?"

"வராம? மூணு வாரம் கோயிலுக்கே வரல நானு. வராததுகூட யாருக்கும் தெரியல. அதான் இன்னும் கோவம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா? நாலாவது வாரம் நானே போயி ஒக்காந்துட்டேன். நீங்க பேப்பர்ல போட்டாதான் ஆண்டவருக்கு என்னைத் தெரியுமா? நானே போயி, 'இந்தா, நான்தான், மறுபடியும் வந்திருக்கேன்'னு சொல்லிட்டேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். "சரி சரி, சூப்பப் பாருங்க," என்றார். அவ்வளவுதான் அந்த விசாரணை. ஆனால் எனக்குள் அது முடியவில்லை. மாதர் சங்கத்துச் சகோதரிகளே, அவர் சொன்ன அந்த மூன்று வாரங்களில் உங்களில் ஒருவராவது அவர் வீட்டுக்குப் போனீர்களா என்று உங்களைக் கேட்க எனக்கு ஆசை. கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

நீங்கள் போனீர்கள், பிறகு ஒருநாள் போனீர்கள். அந்தக் கதையும் உங்களுக்கு முழுதாகத் தெரியாது. வெயில் கொளுத்திய ஒரு சனிக்கிழமை சாயந்திரம் ஆறேழு பேர் வேனில் அக்கா வீட்டுக்குப் போய்ப் பாட்டுப் பாடி, ஜெபம் பண்ணி, அவருக்குத் தெம்பு வரட்டுமென்று இளநீர் சீவிக் கொடுத்தீர்கள். கூடவே ஒரு சீப்பு வாழைப்பழம். அன்புதான். எங்களுக்கு இளநீரிலும் வாழைப்பழத்திலும் இருக்கும் பொட்டாசியம் விஷம் மாதிரி. இதயத்தை நிறுத்திவிடும். அக்காவுக்கு அது தெரியும். வயதான சகோதரி ஒருவர் தன் கையால் டம்ளரை வாயருகே கொண்டுபோகவும், மறுக்கமுடியாமல் முக்கால்வாசி குடித்துவிட்டார். பழமும் ஒன்று. மறுநாள் காலை நெஞ்சு தாறுமாறாக அடித்து, ஆம்புலன்ஸில் போய் மூன்று நாள் மருத்துவமனையில் கிடந்தார். நீங்கள் அதற்கும் போய் ஜெபம் செய்தீர்கள். ஏன் வந்தது என்று அவர் உங்களிடம் சொல்லவில்லை.

திரும்பி வந்ததும் நான் அவரைத் திட்டினேன். "வேணாம்னு ஒரு வார்த்த சொன்னா கொறைஞ்சா போயிடுவீங்க? பொறுமைக்கும் ஒரு அளவு இல்லையா?"

"அது பொறுமை இல்ல செக்ரட்ரி. அது என் கோழைத்தனம்," என்றார் உடனே. "அவங்க மனசு நோவும்னு பயந்துட்டேன். ஆண்டவர் என்னைப் பொறுத்துக்கச் சொன்னாரு. செத்துப்போகச் சொல்லல."

அடுத்த முறை வேன் வந்து நின்றபோது வாசலிலேயே சொல்லிவிட்டாராம்: "வாங்க, வாங்க. ஜெபத்த உள்ள கொண்டாங்க. எளநி வேன்லயே இருக்கட்டும்." இதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் இயந்திரத்தின் அலாரம் அடித்தது. தாதி நோர் ஓடிவந்து கையை ஆட்டாமல் வைக்கச் சொன்னாள்.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தபசு காலம் வந்தால் சபையில் எல்லோரும் எதை விட்டோம் என்று பேசிக்கொள்வோம் அல்லவா? கறி, காப்பி, சீரியல். ஒருமுறை அக்காவிடமும் யாரோ கேட்டார்கள். "எனக்குப் பதினோரு வருசமா தபசு காலந்தான். உயிர்த்தெழுந்த பண்டிகை எப்பன்னு மட்டும் சொல்லுங்க, நான் ஒரு ஜக்குத் தண்ணி குடிக்கணும்," என்றார். கேட்டவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு மட்டும் அந்தத் தாகம் எப்படிப்பட்டது என்று தெரியும்.

வெள்ளத்தைச் சொல்லாமல் விட்டால் அக்காவைச் சொன்னதாகாது. சிகாமட் ஆறு ஏறி ஊரைச் சுற்றி வளைத்த அந்த முறை, அவருடைய குடியிருப்புத் தாமானில் இடுப்பளவு தண்ணீர். எல்லோரையும் ஒரு பள்ளி மண்டபத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஒரு டயாலிசிஸ் ஏற்கெனவே தவறிவிட்டது. இரண்டாவதும் தவறினால் என்ன ஆகும் என்று எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அன்று காலை மண்டபத்தில் சோற்றுப் பொட்டலத்துக்கு வரிசை. அக்கா வரிசைக்குப் போகாமல் நேராக அதிகாரியின் மேசைக்குப் போயிருக்கிறார். அவர், "மக்சிக்" என்று மரியாதையாக அழைத்து, சாப்பாடு அந்தப் பக்கம் என்று கையைக் காட்டினார். "என்சிக், சாயா தக் மிந்தா மாக்கான். சாயா மிந்தா லோரி," என்றார் அக்கா. எனக்குச் சாப்பாடு வேண்டாம் ஐயா, லாரி வேண்டும். அதிகாரி பார்க்கலாம் என்றார். அக்கா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து அந்த மேசைக்கு எதிரே போட்டு உட்கார்ந்துகொண்டார். அரைமணிக்கு ஒருதரம் அதே வாக்கியம், அதே குரல். பத்து மணிக்கு உட்கார்ந்தவரை மூன்று மணிக்கு ராணுவ லாரியில் ஏற்றினார்கள். மண்டபத்தில் இருந்த இன்னும் இரண்டு சிறுநீரக நோயாளிகளையும், ஒரு சீனக் கிழவரையும் ஒரு மலாய்ப் பெண்ணையும், தேடிப்பிடித்து முன்னால் ஏற்றிவிட்டு அவர் கடைசியில் ஏறினார். நிலையத்துக்கு வந்து எடை பார்த்தால் ஐந்து கிலோ கூடுதல், மூச்சு விசில் அடிக்கிறது. அதற்கிடையில் என்னிடம் சொன்னார்: "காத்திருங்க, காத்திருங்கன்னு கோயில்ல சொல்றாங்க. வீட்டுல படுத்துக்கிட்டுக் காத்திருந்தா லோரி வருமா? கண்ணுக்கு முன்னுக்குப் போயி ஒக்காந்து காத்திருக்கணும்."

இந்தப் பெண்மணியைத்தான் நீங்கள் "முறுமுறுப்பு அறியாதவர்" என்கிறீர்கள்.

என்னைப் பற்றி ஒன்று உங்களுக்குத் தெரியாது. நான் நோயில் விழுந்தபோது என் பெயரை ஜெபக் குறிப்பில் போட பாஸ்டர் அனுமதி கேட்டார். கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டேன். ஆலையில் வேலை மாற்றம், அதனால்தான் பதவியை விடுகிறேன் என்று உங்களிடம் சொன்னது பொய். நீங்கள் ஜெபிக்க மாட்டீர்கள் என்று நான் நினைக்கவில்லை. முதல் மாதம் நன்றாகவே ஜெபிப்பீர்கள். ஆறாவது மாதம் பாஸ்டர் அந்தப் பெயரை வாசிக்கும் வேகம் எனக்குத் தெரியும். இரண்டாவது வருடம் ஏதோ ஒரு விருந்து அறிவிப்புக்கு இடம் வேண்டியிருக்கும். என் பெயரை ஒருவர் எடுப்பதை நான் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கும். அதற்குப் பயந்தேன். நான் செய்ததை எனக்கும் செய்வார்கள் என்று பயந்தேன்.

பதினோராவது மாதத்தில் எனக்கு அலுத்துவிட்டது. வேறு வார்த்தை இல்லை. வலிகூடப் பெரிதாக இல்லை. செவ்வாய், வியாழன், சனி என்று சாகும்வரை இதேதான் என்பதைத் தாங்க முடியவில்லை. லில்லியிடம் சொல்லவில்லை, டாக்டரிடம் சொல்லவில்லை. அக்காவிடம் சொன்னேன்.

"அக்கா, அடுத்த வாரத்துலேருந்து நான் வரல."

அவர் திடுக்கிடவில்லை. புத்தி சொல்லவில்லை. "சரி. இந்த வியாழக்கெழமைக்கு மட்டும் வந்துடுங்க," என்றார்.

"எதுக்கு?"

"நான் தனியா ஒக்காந்திருக்கணும்ல, அதுக்கு."

வியாழக்கிழமை போனேன். ஊசியை எடுத்துப் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, "சனிக்கெழமைக்கும் வந்துடுங்க," என்றார். சனிக்கிழமை போனேன். இப்படியே நான்கு வாரம் போனது. ஐந்தாவது வாரம் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "எத்தன நாளைக்கு இப்படி ஏமாத்துவீங்க? ஒங்களுக்கு நம்பிக்க இருக்கு, நீங்க வரீங்க. எனக்கு இல்ல. விடுங்களேன்!" என்று கத்தினேன். எதிர் வரிசைச் சீனக் கிழவர் கண்ணைத் திறந்து பார்த்தார்.

அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நான் என்னமோ மூட்ட மூட்டயா நம்பிக்கைய வீட்டுல அடுக்கி வச்சிருக்கேன்னு நெனச்சீங்களா? எனக்கு அடுத்த தேதி வரைக்குந்தான் இருக்கும். இன்னிக்குச் செவ்வாக்கெழமையா? வியாழக்கெழம வரைக்கும் இருக்கு. வியாழக்கெழம தீந்துடும். மறுபடி கேட்டு வாங்கிக்குவேன். பதினோரு வருசமா கேட்டதையே கேட்டுக்கிட்டு இருக்கேன். கேக்க வெக்கமா இருக்கா ஒங்களுக்கு? எனக்கு இல்ல." பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "ஒங்க பேரையும் சேத்துதான் சொல்றேன், மொத நாள்லேருந்து. பெர்மிஷன் கேக்கல, மன்னிச்சுக்குங்க," என்றார்.

நான் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு அழுதேன். ஐம்பத்துநான்கு வயது ஆள் அழுதேன் என்று எழுத எனக்குக் கூச்சம் இல்லை. அதற்குப் பிறகு நிறுத்திவிடுவதைப் பற்றி நான் பேசவில்லை, நேற்றுவரை.

இனி கடைசிச் சனிக்கிழமை. இதைச் சொல்லத்தான் இவ்வளவையும் எழுதினேன் போலிருக்கிறது.

அன்று அக்காவுக்கு எதுவும் சரியாக இல்லை. இரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. கால்கள் இரண்டும் பிடித்து முறுக்கின. தாதி நோர் தேய்த்துவிட்டாள், இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்தாள், ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாவது மணி நேரத்தில் அக்கா அழத் தொடங்கினார். இரண்டரை வருடத்தில் அவர் கத்திப் பார்த்திருக்கிறேன், சண்டை போட்டுப் பார்த்திருக்கிறேன். அழுது பார்த்ததில்லை.

"போதும் தம்பி," என்றார். முதல் தடவையாகத் தம்பி. "இன்னிக்கு என்னால கேக்க முடியல. வாய் வரல. நீங்க சொல்லுங்க."

"என்னா சொல்றது அக்கா?"

"ஒண்ணும் பெருசா வேணாம். என் பேர மட்டும் சொல்லுங்க அவருகிட்ட. சத்தமா சொல்லுங்க, எனக்குக் கேக்கணும்."

ஒரு பெயர். ஒன்பது வருடம் எத்தனையோ பெயர்களைத் தட்டச்சு செய்தவனுக்கு ஒரு பெயர் பெரிய காரியமா? மண்டபத்தில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் எங்களையே பார்க்கிற மாதிரி இருந்தது. தொண்டையில் வந்தது, வாயில் வரவில்லை. "ஓய்வெடுங்க அக்கா. செவ்வாக்கெழம பேசிக்கலாம்," என்றேன். அவர் தலையை ஆட்டினார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு இப்போது கொஞ்சம் தூக்கம் வரும்.

செவ்வாய்க்கிழமை என்ன ஆயிற்று என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

புதன்கிழமை அடக்கத்தில் எல்லோரும் ஒரு பிடி மண் போட்டோம். எல்லோரும் அழகாகப் பேசினீர்கள். எனக்கு நிற்க முடியவில்லை. நம் சபையில் இறந்தவர்களுக்காக ஜெபிக்கும் வழக்கம் இல்லை. அவர் இனி நம் ஜெபம் தேவைப்படாத இடத்தில் இருக்கிறார் என்று நம்புகிறோம். நானும் நம்புகிறேன். ஆனால் அதனால் என் பிழையைத் திருத்த எனக்கு வழியில்லாமல் போயிற்று. ஒருமுறை அவர் பெயரைத் தாளிலிருந்து எடுத்தேன், ஒருமுறை வாயில் எடுக்காமல் விட்டேன். மூன்றாவது முறை கிடைக்கவில்லை. குழியருகே மனதுக்குள் "ஞானசௌந்தரி" என்று சொல்லிப் பார்த்தேன். அடுத்து என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றேன்.

வியாழக்கிழமை காலை ஐந்தரைக்கு எழுந்தேன், குளித்தேன், சட்டை போட்டேன், காரில் உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பவில்லை. வியாழக்கிழமைக்கு மட்டும் வந்துவிடுங்கள் என்று சொல்ல ஆள் இல்லை. திரும்ப உள்ளே வந்து படுத்துக்கொண்டேன். நிலையத்திலிருந்து தாதி நோர் மூன்று தடவை கூப்பிட்டாள். மூன்றாவது தடவை லில்லி எடுத்து, "சாக்கிட் ஹாத்தி," என்று சொன்னாள். மனசு சரியில்லை என்று சொன்னதாக அவள் நினைப்பு. மலாயில் அதற்குக் கோபம், வருத்தம் எல்லாம் சேர்ந்த அர்த்தம். சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

எழுதிக்கொண்டே வரும்போது மூச்சு கொஞ்சம் இறைக்கிறது. ஆனாலும் இவ்வளவு தூரம் வந்ததில் ஒன்று தெரிகிறது. அக்காவிடம் இருந்தது சாந்தம் இல்லை. அவரைச் சாந்தமானவராக்கி அடக்கம் செய்துவிட்டால், சாந்தமில்லாத என்னைப் போன்றவர்களுக்கு அவரால் ஒரு பயனும் இல்லாமல் போய்விடும். அவரும் தவித்தார். தவித்துக்கொண்டே போய் எதிரே உட்கார்ந்தார். கேட்டதையே மறுபடி கேட்டார். தானாகக் கேட்க முடியாத அன்று, தன் பெயரை எடுத்த ஆளிடமே, எனக்காகக் கேள் என்று சொன்னார். என்னை அவர் அந்த அளவு நம்பினார். அந்த வெட்கமின்மையைத்தான் நான் அவரிடமிருந்து வைத்துக்கொள்ளப் பார்க்கிறேன். வேறு எதையும் வைத்துக்கொள்ள எனக்குத் தகுதி இல்லை.

லில்லியைக் கூப்பிட்டு, நாளைக் காலை ஐந்தரைக்கு எழுப்பச் சொல்லிவிட்டேன். அவள் என் காலை முக்காலியில் சரியாக எடுத்து வைத்துவிட்டுப் போனாள்.

பாஸ்டர், இதை வாசித்து முடித்ததும் தாளை மடித்துவிடாதீர்கள். முதலில் ஞானசௌந்தரி என்ற பெயரைச் சத்தமாகச் சொல்லி நன்றி செலுத்துங்கள். நன்றி சொல்ல நம் சபையில் தடை எதுவும் இல்லை. பிறகு ஜெபக் குறிப்பில் ஒரு பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐசக் தங்கராஜ். எட்டாம் எண் நாற்காலி. இவன் குணமாக மாட்டான். அடுத்த வருடமும் அதே இடத்தில் இருப்பான், உங்களுக்கு அலுத்துப்போகும். அலுத்தாலும் வாசியுங்கள். ரொம்ப நாளைக்கு வேண்டாம், செவ்வாய்க்கிழமை வரைக்கும் கேளுங்கள். எனக்கும் கேட்க வேண்டும், கொஞ்சம் சத்தமாகக் கேளுங்கள்.